வரைபடத்தில் ஒரு பெருக்கல் குறி: விபத்து வழக்கில் தவறு யார் மீது என்று எப்படி முடிவாகிறது?

தமிழ்நாட்டில் எந்தக் காவல் நிலையத்து விபத்து எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் ஒரு வரி மாறாமல் இருக்கும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்…" பேருந்துக்கும் இதே வரிதான், டிராக்டருக்கும் இதே வரிதான். ஓரமாக நின்றுகொண்டிருந்த லாரிக்கும் சில சமயம் இதே வரியைப் போட்டுவிடுவார்கள். எழுதுகிறவருக்கு அது கைப்பழக்கம். இறந்தவர் குடும்பமோ, போலீசே எழுதிக் கொடுத்துவிட்டது, இனி தொகை எவ்வளவு என்பதுதான் பாக்கி என்று நம்பிவிடுகிறது. சில வருடம் கழித்துத் தீர்ப்பு வரும்போது மொத்த இழப்பீடு 24 லட்சம் என்று கணக்குப் போட்டு, பைக் ஓட்டி இறந்தவரின் தவறு 50 சதவீதம் என்று கழித்து, கைக்கு 12 லட்சம் என்று முடிந்திருக்கும். போன 12 லட்சம் எங்கே போனது என்று கட்டைப் புரட்டினால், பெரும்பாலும் விபத்து இடத்தின் மாதிரி வரைபடத்தில், மோதிய இடம் இதுதான் என்று ஏட்டையா போட்ட ஒரு பெருக்கல் குறியில் போயிருக்கும்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 166-இன் கீழ் மனுப் போட்டால் எதிர் வாகன ஓட்டுநரின் கவனக்குறைவை மனுதாரர்தான் நிரூபிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பிரிவு 164-இல் அந்தச் சுமை கிடையாது. ஆனால் தொகை அங்கே கட்டிப்போடப்பட்டது: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். சம்பாதிக்கிற வயதில் ஒருவர் இறந்திருந்தால் 166-தான் வழி. அதற்கு விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பும் அதே தேதியிலிருந்து திரும்ப வந்திருக்கிறது.

நிரூபிப்பது என்றால் குற்றவியல் நீதிமன்றத்தில் கேட்கும் அளவுக்கு இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று தராசு சாய்ந்தால் போதும். இமாசலப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான 2009 வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால்தான் ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு நிற்கும். 1980-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த தமிழ்நாட்டுப் பேருந்து வழக்கு இதற்குப் பழைய உதாரணம். இரவில் தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பேருந்து பட்டு 26 பேர் பாதிக்கப்பட்டார்கள், 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். தெய்வச் செயல் என்று குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விட்டுவிட்டது. இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் அவர் மீது கவனக்குறைவு என்றது, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வும் அதையே உறுதி செய்தது. இதன் மறுபக்கம்: ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அந்தத் தீர்ப்பு நகல் வலுவான ஆவணம். அதை வாங்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

வரைபடமும் மகஜரும்

விபத்து நடந்த இடத்துக்கு வரும் விசாரணை அதிகாரி அவதானிப்பு மகஜர், அதாவது இடத்தில் கண்டதைப் பதிவு செய்யும் குறிப்பு, எழுதி, மாதிரி வரைபடம் ஒன்று போடுவார். கவனக்குறைவு பற்றிய வாதம் முழுக்க இந்த இரண்டு தாளின் மேல்தான் நடக்கும். வரைபடத்தில் இருக்க வேண்டியவை: வடக்கு எது என்ற அம்புக்குறி, தார்ச்சாலையின் அகலம், மண் ஓரத்தின் அகலம், மோதிய இடத்துக்கு இரு ஓரங்களிலிருந்தும் தூரம், டயர் தேய்ந்த தடத்தின் நீளம், கண்ணாடித் தூளும் ரத்தக் கறையும் கிடந்த இடம், வண்டிகள் கடைசியாக நின்ற நிலை, தெருவிளக்கு, வேகத்தடை. உண்மையில் இருப்பவை: இரண்டு கோடு, ஒரு பெருக்கல் குறி, ஒரு டீக்கடை, "அளவுக்கு உட்பட்டதல்ல" என்று ஒரு குறிப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தெற்கு வடக்காகப் போகும் இருவழிச் சாலை, தார் அகலம் 7 மீட்டர், பாதி 3.5. வடக்கே போகும் பேருந்துக்கு மேற்குப் பாதி, தெற்கே வரும் பைக்குக்குக் கிழக்குப் பாதி. பெருக்கல் குறி கிழக்கு ஓரத்திலிருந்து 2.2 மீட்டரில் இருந்தால் பேருந்து நடுக்கோட்டைத் தாண்டி 1.3 மீட்டர் எதிர்ப்பக்கம் வந்திருக்கிறது. வாதத்துக்கு அங்கே அதிக இடமில்லை. அதே குறி 3.3 மீட்டரில் இருந்தால்? பைக் தன் பாதியில்தான் இருந்தது என்று மனுதாரர் சொல்வார். ஆனால் ஒரு பைக்கின் கைப்பிடி அகலம் முக்கால் மீட்டர் வரும். குறி பைக்கின் நடுவைக் குறித்தால் வலது கைப்பிடி நடுக்கோட்டை மீறியிருக்கும், வலது முனையைக் குறித்தால் மீறவில்லை. இந்த இடத்தில்தான் 50:50 பிறக்கிறது.

அந்தக் குறியை எதை வைத்துப் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதிகாரி வரும்போது வண்டிகளை ஓரமாகத் தள்ளியிருப்பார்கள். கண்ணாடித் தூளும் ரத்தமும் எங்கே கிடந்ததோ அங்கே குறி விழும். உடைந்த கண்ணாடி, மோதிய வண்டி போன திசையிலேயே சில மீட்டர் சிதறும், ஆளும் தூக்கி எறியப்பட்டுத் தள்ளித்தான் விழுவார். ஆக அது விழுந்த இடமாக இருக்கும், மோதிய இடமாக இருக்க வேண்டியதில்லை. தார் கீறப்பட்ட தடம் இருந்தால் அதுதான் மோதிய புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் சான்று, ஏனென்றால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மடங்கி, ஃபுட்ரெஸ்ட் தரையில் குத்துவது மோதிய கணத்தில். மகஜரில் கீறல் பற்றி ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டிகள் நின்ற நிலையை மட்டும் வைத்துப் பங்கு பிரிக்கக் கூடாது என்று 2013-இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேகம், மோதலின் வலு, எந்த இடத்தில் பட்டது என்பதைப் பொறுத்து வண்டி எங்கு வேண்டுமானாலும் திரும்பி நிற்கும்.

திசைக் குழப்பமும் உண்டு. எஃப்.ஐ.ஆரில் "தெற்கிலிருந்து வடக்கு நோக்கி" என்றும் வரைபடத்தில் அதற்கு எதிராக அம்புக்குறியும் இருந்தால், பைக் தவறான பக்கம் வந்ததாக இன்சூரன்ஸ் வக்கீல் ஒரே கேள்வியில் நிறுவிவிடுவார். மனு எழுதுவதற்கு முன்பே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முரண் இருந்தால் வரைபடம் போட்ட அதிகாரியைச் சாட்சியாக அழைத்து விளக்கம் வாங்க வேண்டும். சும்மா ஆவணமாகக் குறியீடு செய்துவிட்டுப் போனால் அந்த முரண் உங்கள் கணக்கில் ஏறும்.

வண்டி சொல்லும் சாட்சி

மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை, அதாவது எம்.வி.ஐ. ரிப்போர்ட்டை, கடைசி வரிக்காக மட்டும் படிக்கிறார்கள்: "இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை." அந்த வரிக்குப் பயன் உண்டு. பிரேக் பிடிக்கவில்லை என்று பின்னால் யாரும் கதை சொல்ல முடியாது. அப்படிச் சொன்னாலும், ஒழுங்காகப் பராமரித்தும் கண்ணுக்குத் தெரியாத குறை அது என்று வண்டி உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் அறிக்கையின் உயிர் சேதப் பட்டியலில் இருக்கிறது.

பைக்கின் முன் ஃபோர்க் பின்னோக்கி வளைந்து சக்கரம் எஞ்சினோடு ஒட்டியிருந்தால் நேருக்கு நேர். வலது ஃபுட்ரெஸ்ட் மடங்கி, வலது லெக்கார்டு கீறியிருந்தால் உரசல். பேருந்தின் சேதம் முன்பக்க வலது மூலையில் என்றால் நடுக்கோட்டைத் தாண்டிய கதைக்குப் பொருந்தும். இடது பக்கவாட்டில் பின்சக்கரத்தை ஒட்டி என்றால் கதை வேறு: முந்திப் போன பேருந்து, முழு நீளமும் கடக்கும் முன்பே இடது பக்கம் ஒடித்திருக்கிறது. இந்த வகை விபத்தில் எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்வது, "பைக்தான் வந்து பேருந்தின் பின்பகுதியில் மோதியது." சேதம் பின்பகுதியில் இருப்பதால் கேட்க நியாயமாகவே தோன்றும். பைக்கின் சேதம் வலது பக்கத்தில் மட்டும் இருந்து, முன்சக்கரம் கோணாமல் இருந்தால், பைக் போய் மோதவில்லை, பேருந்துதான் நெருக்கியது என்று காட்டலாம். இரண்டு வண்டிகளின் அறிக்கையையும் வாங்கினால்தான் இது முடியும். தன் வண்டியின் அறிக்கையை வாங்காமல் எதிர் வண்டியுடையதை மட்டும் தாக்கல் செய்யும் பிழை சாதாரணமாக நடக்கிறது.

நீள வண்டி இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிப் போகும். முன்பகுதி சைக்கிள்காரரைத் தாண்டிவிடும், பின் இடது சக்கரம் ஏறிவிடும். "என் கண்ணுக்கே தெரியவில்லை" என்பது ஓட்டுநரின் பதில். இடது கண்ணாடியைப் பார்த்த பிறகே திரும்ப வேண்டும் என்பதால், தெரியவில்லை என்பதே அவருக்கு எதிராகப் போகும் ஒப்புதல்.

ஆய்வு நடந்த தேதியையும் பாருங்கள். பேருந்து டெப்போவுக்குப் போய்த் தகரம் தட்டி வந்த பிறகு ஆய்வு செய்திருந்தால், "சேதம் ஏதுமில்லை" என்ற குறிப்புக்கு மதிப்பில்லை. சம்பவத்தன்று யாராவது செல்போனில் எடுத்த படம் அப்போது கை கொடுக்கும்.

டயர் தடம் இருந்தால் வேகத்தை ஓரளவு கணக்கிடலாம். தடத்தின் நீளத்தை (மீட்டரில்) உராய்வு எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 15.9-ஆல் பெருக்கினால் கி.மீ. வேகம் வரும். காய்ந்த தாரில் உராய்வு சுமார் 0.7. 20 மீட்டர் தடம் என்றால் ஏறக்குறைய 60 கி.மீ. தடம் முடியும் இடத்தில் வண்டி மோதி நின்றிருந்தால் உண்மை வேகம் அதற்கும் மேல். மழை ஈரத்தில் உராய்வு எண் நன்றாக இறங்கிவிடும், அப்போது அதே நீளத் தடம் குறைந்த வேகத்தைக் காட்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டி பெரும்பாலும் தெளிவான தடம் விடாது, ஆகவே "தடமே இல்லை, ஆக பிரேக்கே பிடிக்கவில்லை" என்ற பழைய வாதத்தை இன்று யோசித்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு கணக்கும் உதவும். 60 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும், பிறகு நிற்க இன்னொரு 20 மீட்டர். 40 கி.மீ. என்றால் எல்லாம் சேர்த்து 26 மீட்டருக்குள் அடங்கும். பள்ளிக்கூட வாசலில் "குழந்தை திடீரென்று குறுக்கே வந்தது" என்று ஓட்டுநர் சொல்லும்போது, எத்தனை மீட்டரில் பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டு இந்தக் கணக்கை வையுங்கள்.

பங்கு பிரிப்பது

பங்களிப்புக் கவனக்குறைவும் கூட்டுக் கவனக்குறைவும் ஒன்றல்ல. பாதிக்கப்பட்டவரே விபத்துக்கு ஒரு பங்கு காரணம் என்றால் முதலாவது, அவர் பங்கைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். அவர் மேல் எந்தத் தவறும் இல்லாமல் வேறு இருவர் தவறால் அடிபட்டால் இரண்டாவது, கழிக்க ஒன்றுமில்லை. பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவர், ஆட்டோவில் போன பயணி எல்லாம் இரண்டாவது வகை. முழுத் தொகையையும் இரண்டு வாகனத்தில் ஏதாவது ஒன்றிடமிருந்து வசூலிக்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. அவர்களுக்குள் பங்கு பிரிப்பது அவர்கள் கவலை. ஒரே பைக்கில் போன கணவனும் மனைவியும் இறந்தால் இரண்டு மனு, இரண்டு கணக்கு: கணவர் ஓட்டியதில் 30 சதவீதத் தவறு என்றால் அவருடைய மனுவில் மட்டும் அது கழியும். மனைவியின் மனுவிலும் சேர்த்து 30 சதவீதம் கழித்துத் தீர்ப்பு வந்தால் அது மேல்முறையீட்டுக்கு உரிய பிழை.

லைசென்ஸ் இல்லை, பைக்கில் மூன்று பேர் என்பதை வைத்துத் தானாகப் பங்கு போட முடியாது. மூன்று பேர் போனது சட்டமீறல்தான். அந்த மீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமானதா என்று காட்ட வேண்டும் என்பது 2020 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பின்னாலிருந்து கார் இடித்தால் மூன்று பேர் என்ன, ஒருவர் என்ன? ஹெல்மெட் விஷயம் சற்று வழுக்கல். ஹெல்மெட் போடாதது மோதலுக்குக் காரணமாக முடியாது, தலைக்காயத்துக்குக் காரணமாகலாம். தலைக்காயத்தால் இறந்த வழக்குகளில் சிறு சதவீதம் கழித்த தீர்ப்புகள் இருக்கின்றன. கால் உடைந்தவருக்கு ஹெல்மெட்டைக் காட்டிக் கழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது, இருந்தும் எதிர்த்தரப்பின் பதிலுரையில் அந்த வாதம் தவறாமல் வருகிறது.

மருத்துவமனைக் குறிப்பில் "மது வாசனை" என்று ஒரு சொல் இருந்தால் பயந்துவிடாதீர்கள். சட்டம் வைத்திருக்கும் அளவு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ரத்தப் பரிசோதனை இல்லாமல் வாசனையை மட்டும் வைத்துப் பங்கு சுமத்துவதை எதிர்த்து வாதாட நல்ல இடம் இருக்கிறது.

பின்னாலிருந்து இடித்தவர் மேல்தான் தவறு என்பது பொதுவான தொடக்கம். 2018-இல் வந்த இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றில் முன்னால் போன லாரிக்கு 10–15 அடி பின்னால் கார் போயிருக்கிறது. போதிய இடைவெளி விடாதது கார் ஓட்டியவரின் தவறு என்றது நீதிமன்றம். 50 கி.மீ. வேகத்தில் 15 அடியைக் கடக்க மூன்றில் ஒரு நொடி கூட ஆகாது, பிரேக்குக்குக் கால் போவதற்குள் இடித்துவிடும். இன்னொன்றில் எரிவாயு டேங்கர் இரவில் விளக்கு எதுவும் எரியாமல் நடுச்சாலையில் நின்றிருந்தது. எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் கூசி, வந்த கார் போய் மோதியது. உயர் நீதிமன்றம் பாதிப் பங்கைக் கார் மேல் போட்டது, உச்ச நீதிமன்றம் அதை நீக்கி முழுத் தவறும் டேங்கர் மேல் என்றது. ஆக நின்ற லாரி வழக்கில் நிரூபிக்க வேண்டியது நான்கு: தார் மேல் எவ்வளவு நின்றது, பார்க்கிங் விளக்கு எரிந்ததா, பின்னால் எச்சரிக்கை முக்கோணமோ ஒளிரும் பட்டையோ இருந்ததா, அங்கே தெருவிளக்கு உண்டா. மரக்கிளையையும் கல்லையும் பின்னால் வைத்திருந்தோம் என்று சொல்வார்கள். மகஜரில் கிளை இருக்கிறதா என்று பாருங்கள்.

சாட்சிகள்

மரண வழக்கில் மனைவி முதல் சாட்சி. அவர் விபத்தைப் பார்த்திருக்க மாட்டார். அவரோடு சாட்சியத்தை முடித்துக்கொண்டு, கவனக்குறைவுக்கு எஃப்.ஐ.ஆரை மட்டும் நம்புவது மிகப் பெரிய ஓட்டை. எஃப்.ஐ.ஆர். தானே சான்றாகாது. புகார் கொடுத்தவர் கேள்விப்பட்டு வந்த மைத்துனராக இருப்பார். மேலும், எஃப்.ஐ.ஆரை நீங்களே ஆவணமாகக் கொடுத்துவிட்டு, அதில் சாதகமான வரியை எடுத்துக்கொண்டு பாதகமான வரியைத் தள்ளச் சொல்ல முடியாது என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 2007 தீர்ப்பு ஒன்று. நேரில் பார்த்த ஒருவர் வேண்டும். குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ராஜஸ்தான் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான 2019 தீர்ப்பு இதற்கு உதவும். பைக்கின் பின்னால் இருந்தவரை விசாரிக்கவில்லை என்பதாலேயே வழக்கு விழாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்தச் சாட்சி அங்கே ஏன் இருந்தார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார், பிறகு என்ன செய்தார் என்ற மூன்று கேள்விக்கும் இயல்பான பதில் இருக்க வேண்டும். வேகம் 80 கி.மீ. என்று அடித்துச் சொல்லும் சாட்சியை விட, "ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பினேன், பஸ் வெள்ளைக் கோட்டைத் தாண்டி இருந்தது" என்று சொல்கிறவர் குறுக்கு விசாரணையில் நிற்பார்.

எதிர்த்தரப்பு ஓட்டுநர் பெரும்பாலும் கூண்டேற மாட்டார். விபத்தில் இருந்த ஒரே உயிருள்ள சாட்சி அவர்தான் என்றால், வராததை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளும்படி எழுத்து வாதத்தில் கேட்க வேண்டும்.

அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டு நகல், ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதை முதல் வாரத்திலேயே வாங்கிப் படியுங்கள். கூட்டி வந்தவர் பதற்றத்தில் சொன்னதை டியூட்டி டாக்டர் "பைக்கிலிருந்து தவறி விழுந்து" என்று எழுதியிருந்தால், வாகனமே மோதவில்லை என்ற வாதம் அங்கிருந்துதான் கிளம்பும். கூட்டி வந்தவரை விசாரித்து, அவர் பார்க்கவில்லை என்று பதிவு செய்தால் அந்தக் குறிப்பின் பலம் போய்விடும். கடைக் கேமராப் பதிவு இதைவிட அவசரம். சில வாரங்களிலேயே பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். எடுத்துவைத்தால் மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-இன் கீழ், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணோடு சான்றிதழும் வேண்டும்.

போலீஸ், இறந்தவரையே குற்றவாளியாக்கி, அவர் இறந்துவிட்டதால் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று அறிக்கை போடுவதும் உண்டு. அந்த முடிவு தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நோட்டீஸ் வந்ததும் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபணை மனுப் போட்டுவிடுவது நல்லது. "அறிக்கையை ஏன் எதிர்க்கவில்லை?" என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும்.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி காவல்துறையே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். வரைபடத்துக்கும் ஆய்வாளர் அறிக்கைக்கும் அந்த விதிகளிலேயே தனிப் படிவங்கள் இருக்கின்றன. எந்தத் தூரம் விட்டுப்போயிருக்கிறது என்று படிவத்தை வைத்தே கேட்கலாம். பங்கு தவறாகப் பிரிக்கப்பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அங்கே பொதுவாகப் புதுச் சாட்சி கிடையாது. கீழே குறியீடு செய்த அதே வரைபடம்தான் மறுபடி மேசைக்கு வரும்.